முள் அசையாத ஜோடி

பன்னிரண்டு வருஷமாக
பூட்ஸுக்கு அடித்தோல் வெட்டுகிறவன் நான்.
லெயோன் நகரத்தில் பாதிப்பேர் பூட்ஸில் பிழைக்கிறோம்,
மீதிப்பேர் எங்களுக்குத் தொர்த்தியா சுட்டுப் பிழைக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்த அளவெல்லாம் பாதம்:
இருபத்தாறு, இருபத்தேழரை,
அகலக் கால், ஆணி விழுந்த கால்.
காதுக்கு என்ன அளவு என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

உலீசெஸுக்கு எட்டு மாதம் அப்போது.
உன் இடது காதைப் பிடித்து இழுத்தான்.
வளையம் அவன் கைக்கு வந்துவிட்டது.
சிரித்தான்.
தையல் போட்ட இடத்தில்
இன்னும் ஒரு வெள்ளைக் கோடு.
ஊசிக்குக் காது ஒன்று போதும், எரெந்திரா,
உனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.
தங்கத்தை விற்று அந்த மாத வாடகை கட்டினோம்.
கனமானது எதுவும் இனி அந்த மடலில் நிற்காது
என்றாள் டாக்டர், ரசீதைக் கிழித்தபடி.

தோல் மண்டிக்குப் பின்சந்தில்
ஆட்டுத்தோல் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள்.
ஒரு கிலோ வாங்கினேன்.
எதற்கு என்று கேட்டான் கடைக்காரன்.
நாய்க்குக் கழுத்துப்பட்டை என்றேன்.
நம்மிடம் நாய் கிடையாது.

அடித்தோல் என்றால்
தோள்பட்டையை இறக்கிக் கத்தியைத் தள்ள வேண்டும்.
இது அப்படியில்லை.
மூச்சு விட்டாலே நகர்கிறது.
கை பழகிய வேகத்தில் சுத்தியலை ஓங்கினேன்,
கொக்கி மாட்டும் இடத்தில்
பூட்ஸ் கயிறே நுழையும் ஓட்டை விழுந்தது.
அப்படிப் போனவை பதினொன்று.
டப்பாவில் போட்டு மூடினேன்.
பீர் பாட்டிலின் கழுத்தால் ஓரத்தைத் தேய்க்கலாம் என்பது
நானே கண்டுபிடித்தது.
தொட்டுக்கொள்ளத் தண்ணீர், கொஞ்சம் எச்சில்
(இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்).
கண்ணாடி சூடாகும்வரை தேய்த்தால்
பிசிறு அடங்கி
வெந்த அவரைக்கொட்டைபோல மினுங்கும் விளிம்பு.

பிறகு அட்டையில்
உன் ஊர் ஏரி மீனை வரைந்தேன், வால் சற்றே தூக்கி.
அதை வைத்து ஒன்று.
அதையே வைத்து இன்னொன்று.
நீலச் சாயம், கொக்கி, முடிந்தது.
மேசையில் பரப்பிப் பார்த்தால்
இரண்டும் ஒரே பக்கம் நீந்துகின்றன.
நான், பூட்ஸ் வெட்டுகிறவன்!
இடம் வலம் தெரியாமல்
ஒருநாள் கூலி வாங்கியிருப்பேனா?
பாதம் என்றால் அச்சைக் கை தானாகப் புரட்டும்.
காது என்றதும் மறந்துவிட்டது.
வெட்டிய தோலைத் திருப்பிப் போட்டேன்,
அந்தப் பக்கம் சதைப்பக்கம்,
சொரசொரவென்று, சாயத்தைக் குடித்துக் கறுத்துப்போய்.

டப்பாவுக்குள் போட்டதை நீ எடுத்துவிட்டாய்.
திங்கட்கிழமை, மே மாத வெயில்,
பஸ் நிலைய டிக்கெட் ஜன்னலில்
முந்நூறு பேர் பார்த்தார்களாம்.
இராப்புவாத்தோவுக்குச் சீட்டு வாங்கிய ஒருவர்
நீ திரும்பும்போதெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டு
"போக ஒன்று, வர ஒன்றா?" என்றாராம்.
சாயங்காலம் வந்தாய்,
கழுத்தெல்லாம் நீலம்.
மெழுகு பூசவில்லையா என்றுதான் கேட்டாய்.
வேறெதுவும் கேட்கவில்லை.
சோப்பு, எலுமிச்சை, பழைய துணி,
மூன்று நாள் போகவில்லை அந்த நீலம்.

வெள்ளிக்கிழமை கொய்யா வாங்கும்போது
விளையாட்டாகக் கழற்றி
தராசுத் தட்டில் வைத்தாய் இரண்டையும்.
முள் அசையவில்லை.
தோன்யா கசில்தா தட்டைத் தட்டிப் பார்த்தாள்.
சந்தேகம் தீராமல்
ஒரு கொய்யாவை எடுத்து வைத்தாள்.
தராசு சரிதான்.

அந்தக் கொய்யாவைக் கடித்துக்கொண்டே
நீ முன்னால் நடந்தாய்.
தையல் விழுந்த காதில்
ஒரு மீன் உன்னோடு போனது.
வலது காதில் ஒன்று
என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது.
அடுத்த ஜோடிக்கு அச்சைப் புரட்டவா வேண்டாமா,
இன்னும் உன்னைக் கேட்கவில்லை.